வலிக்கவில்லையே!

சோழபுரத்தில் பொழுது புலர்வதற்கு முன்னரே பெண்களின் நாள் தொடங்கிவிடுகிறது. மேற்கே மலைத்தொடரின் மீது வெளிச்சம் படருமுன் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். சிலர் இராசபாளையத்துப் பஞ்சாலைகளில் முதல் ஷிப்டுக்கு. சிலர் தளவாய்புரத்துப் பக்கம் ஆடை தைக்கும் கூடங்களுக்கு. சிலர் காட்டு வேலைக்கு. சற்றுத் தொலைவில் சத்திரப்பட்டியில், மருத்துவமனைகளுக்குச் செல்லும் பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. ஊரார் புண்களுக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிற வட்டாரம் இது. இங்கும் சரி, தமிழகத்தின் வேறெந்த மூலையிலும் சரி, தன் உடம்பில் தோன்றிய ஒரு சிறு கட்டியை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சுமந்து திரியும் தாய்மார்கள் உண்டு. அவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

அத்தகைய ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டா. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் தோன்றக்கூடும். வயது நாற்பத்திரண்டு. குளிக்கும்போது மார்பில் பட்டாணி அளவில் ஏதோ கையில் தட்டுப்படுகிறது. ஒரு கணம் நெஞ்சு படபடக்கிறது. மறுகணம் விரலால் அழுத்திப் பார்க்கிறார். வலிக்கவில்லை. ‘வலிக்கவில்லையே!’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். அந்த ஒரு சொல்லில் அவருக்கு நிம்மதி பிறக்கிறது; அடுப்பில் உலை கொதிக்கிறது; பிள்ளைக்குப் பள்ளிக்கு நேரமாகிறது. ஏழெட்டு மாதம் கழித்து, கட்டி எலுமிச்சை அளவாகி, தோல் சுருங்கி உள்ளிழுத்தபின், மூத்த மகள் தற்செயலாகக் கண்டு அலறும் வரை, வேறு யாருக்கும் அது தெரிவதில்லை.

இக்கதையில் அந்தத் தாயை ஏமாற்றியது எது? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட நமக்கு மனமில்லை. அவரை ஏமாற்றியது, வாழ்நாள் முழுவதும் அவருக்கு உண்மையாகவே உதவி வந்த ஓர் அறிவு. முள் தைத்தால் வலிக்கும். பல் கெட்டால் வலிக்கும். பிள்ளை பெறும்போது வலிக்கும். வலி பெரிதாயின் கேடு பெரிது, வலி இல்லையாயின் கேடும் இல்லை என்பதே உடம்பு அவருக்குக் கற்றுத்தந்த பாடம். புற்றுநோய் இந்தப் பாடத்திற்கு அடங்காத நோய். மார்பகத்திலாயினும் வாயிலாயினும் கருப்பை வாயிலாயினும், தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கத் தொடங்கும் நேரத்தில் அது பெரும்பாலும் வெகுதூரம் சென்றிருக்கும். கையில் தட்டுப்படுவது வலியுடன் கூடிய கட்டியாக இருந்திருந்தால், நம் தாய் அன்று மாலையே மருத்துவரிடம் சென்றிருப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்று, எது அன்று என்பதை விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்ய அந்தத் தாயாலும் முடியாது. அண்டை வீட்டு அக்காளாலும் முடியாது. அதற்கென்று பரிசோதனைகள் இருக்கின்றன.

உடம்பில் ஒரு மாறுதலைக் கண்டதும் மனம் அதற்கு ஒரு விளக்கம் தேடுகிறது. நம் வீடுகளில் அத்தகைய விளக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. மார்பில் கட்டியா? கொழுப்புக் கட்டி; அல்லது பிள்ளைக்குப் பால் கொடுத்தபோது கட்டிக்கொண்டது. மாதவிலக்கு நின்று ஈராண்டு ஆனபின் மீண்டும் உதிரம் படுகிறதா? உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி. வாயில் ஆறாத புண்ணா? அதுவும் சூடுதான், மணத்தக்காளிக் கீரை சமைத்துச் சாப்பிடு. மலத்தோடு இரத்தமா? மூலம், துத்திக் கீரை இருக்கவே இருக்கிறது. குரல் கம்மி மாதம் இரண்டு ஆகிறதா? பஞ்சாலை இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியதால் வந்தது. பாலில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடித்தால் சரியாகிவிடும்.

இவற்றையெல்லாம் நாம் எள்ளி நகையாடவில்லை. நூறு வாய்ப்புண்களில் மிகப் பெரும்பாலானவை மணத்தக்காளிக்கோ, அதுவும் இல்லாமலோ ஆறிவிடக் கூடியவைதாம். நம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலான நாட்களில் சரியாகவே இருந்தது. அதனால்தான், சரியாக இல்லாத அந்த ஒரு நாளில் அது நம்மைக் கெடுத்துவிடுகிறது. குறை கீரையில் இல்லை. கீரைக்கு நாம் தவணை வைப்பதில்லை, அதுவே குறை. கடன் கொடுத்தவனுக்குத் தவணை உண்டு, சீட்டுக்குத் தவணை உண்டு. வாய்ப்புண்ணுக்கு மட்டும் ‘இன்னும் பத்து நாள் பார்ப்போம்’ என்பது முடிவின்றி நீண்டுகொண்டே போகிறது. மூன்று வாரம் என்று நாம் ஒரு தவணை சொல்வோம். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணும், மூன்று வாரத்தில் தெளியாத குரலும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. மார்புக் கட்டிக்கும், மாதவிலக்கு நின்றபின் வரும் இரத்தப்போக்கிற்கும் இந்த மூன்று வாரமும் கிடையாது.

இந்த ‘விளக்கம் தேடும் காலம்’ எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவில் பார்பரா ஆண்டர்சன் என்ற உளவியலறிஞரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மார்பகத்திலும் கருப்பை சார்ந்த உறுப்புகளிலும் புற்றுநோய் கண்ட பெண்களை அவர்கள் வினவினார்கள். அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை கழிந்த மொத்தக் காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, ‘இது நோயாக இருக்கலாம்’ என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றுவதற்கே ஆகிவிட்டது என்று கண்டார்கள். பேருந்துக்குக் காத்திருந்த நேரமும், மருத்துவமனை வரிசையில் நின்ற நேரமும், பணத்திற்கு அலைந்த நேரமும் அதற்குப் பிறகே வருகின்றன. கல்வியும் வசதியும் மிகுந்த அந்த நாட்டிலேயே இவ்வாறென்றால், நம் சோழபுரத்துத் தாயைக் குறைகூற யாருக்கு வாய் வரும்?

குறைகூறும் வழக்கம் பழையது. 1938-ஆம் ஆண்டில் பாக், கேலோ என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் நேரும் தாமதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘தாமதத்திற்குக் குற்றவாளி யார்’ என்ற பொருள்படவே அதற்குத் தலைப்புக் கொடுத்தார்கள். நோயாளியின் தாமதம் என்றும் மருத்துவரின் தாமதம் என்றும் பிரித்துக் கணக்கிட்டு, நோயாளிகளிடமே பெரும்பங்கு குற்றத்தைக் கண்டார்கள். மூன்று மாதத்திற்கு மேற்பட்டால் அது தாமதம் என்ற அளவுகோலையும் அவர்களே வகுத்தார்கள். அளவுகோல் நல்லதுதான். 1999-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அது 87 ஆய்வுகளையும், அவற்றில் அடங்கிய ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளையும் ஒருசேர எடுத்துப் பார்த்தது. மூன்று மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்தவர்கள், முன்னரே வந்தவர்களைவிட நூற்றுக்கு 12 பேர் குறைவு என்று அது காட்டியது. அளவுகோலை ஏற்கிறோம், குற்றவாளி என்ற சொல்லை ஏற்க நம்மால் முடியவில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் மருத்துவர் முன் உட்கார்ந்து, ‘எவ்வளவு நாளாக இருக்கிறது?’ என்ற வினாவிற்கு, ‘ஒரு மாதமாகத்தான்’ என்று பொய் சொல்ல நேர்கிறது.

சரி, நம் தாய்க்கு ஒருநாள் ஐயம் தோன்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் நடப்பது வீட்டுக் கணக்கு. ஒருநாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று. உள்ளூரில் காட்டினால் மதுரைக்குப் போகச் சொல்வார்கள்; இராசபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க ஒரு பகல் முழுதும் ஆகும். தனியே போக முடியாது. துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மறுநாள் ஸ்கேனுக்கு வரச் சொன்னால் இன்னொரு நாள். வரும் மாதம் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், அதற்கடுத்த மாதம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, பொங்கல் கழியட்டும், பங்குத் திருவிழா முடியட்டும். இந்த வரிசையில் தமது உடம்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. கணவருக்குக் காய்ச்சல் என்றால் இரவோடு இரவாக ஆட்டோ பிடிக்கத் தெரிந்தவர். மாட்டுக்கு வயிறு உப்பினால் கால்நடை மருத்துவரை அழைத்துவரத் தெரிந்தவர். தமக்கென்று வரும்போது மட்டும் ‘பார்த்துக்கொள்ளலாம்’.

இதைத் தியாகம் என்று நாம் பாராட்டிப் பேசியிருக்கிறோம். நம் இதழ்களின் பக்கங்களிலும்கூட. ‘தன்னை மறந்து குடும்பத்திற்காக உழைக்கும் தாய்’ என்று எத்தனை முறை எழுதியிருப்போம்! அந்தப் பாராட்டில் ஒரு பங்கு, அந்தத் தாய் மருத்துவரிடம் போகாத மாதங்களில் சேர்ந்திருக்கிறது என்பதை எண்ணும்போது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பிறகு கூச்சம். மார்பையும் பிறப்புறுப்பையும் அந்நிய ஆடவர் முன் காட்டுவதா என்ற கூச்சம் நகைக்கத்தக்கதன்று. ஒரு வாழ்நாள் முழுவதும் பழக்கப்படுத்தப்பட்ட நாணம் ஒருநாள் காலையில் விலகிவிடாது. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய ஒரு பெண்ணின் நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் நாம் படித்திருக்கிறோம். கைப்பொருளையெல்லாம் மருத்துவர்களிடம் செலவழித்தும் குணமடையாத அவள், எதிரே வந்து நின்று கேட்கத் துணியாமல், கூட்டத்தின் நடுவே பின்னாலிருந்து வந்து ஆடையைத் தொடுகிறாள். எத்தனையோ மறையுரைகளில் அவளுடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அவள் ஏன் பின்னாலிருந்து வந்தாள் என்பதைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. இன்று பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறலாம். ஆண் மருத்துவராயின் பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். இதைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதை அவர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கினால், துணைக்குப் போனவர் கேட்கட்டும்.

ஆடவரின் கதை வேறு. அவர்களில் பலருக்கு வாய்க்குள்தான் நோய் தொடங்குகிறது. இரவு ஷிப்டில் உறக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் பழக்கம், வெற்றிலையோடு புகையிலை, பின்னாளில் வந்த பொட்டலங்கள். உள்கன்னத்தில் வெள்ளைத் தடிப்பு தோன்றும், காரம் பட்டால் எரியும், வாயைப் பழையபடி அகலத் திறக்க இயலாது. மருத்துவரிடம் போனால் முதலில் ‘புகையிலையை விடு’ என்பார் என்று தெரியும். அதைக் கேட்க மனமில்லாததால் அவரிடம் போவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதோடு சரி. கேரளத்தில் திருவனந்தபுரம் வட்டாரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்களின் தொகை, அவ்வாறு பார்க்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் வெளியான முடிவு கூறிற்று. அதற்குப் பயன்பட்ட கருவி ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

இனி, எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கிடக்கும் காரணத்திற்கு வருவோம். அது அச்சம். ‘புற்று வந்தால் பிழைத்தவர் உண்டா?’ என்ற கேள்வி நம் ஊர்த் திண்ணைகளில் கேட்கப்படுகிறது. பிழைக்கப் போவதில்லை என்றால் தெரிந்துகொண்டு என்ன பயன்? தெரியாமலிருக்கும் நாட்களாவது நிம்மதியாகக் கழியட்டும் என்று ஒருவர் எண்ணினால், அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஊர் தரும் விடை எங்கிருந்து வந்தது என்று நாம் பார்க்க வேண்டும்.

அரசினர்க்கும் ஒரு காலத்தில் இதே எண்ணம்தான் இருந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலவில்லையே என்ற வேதனை அவருடைய நெஞ்சில் தங்கியது. சென்னையில் புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் முயன்றபோது, ‘எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை?’ என்ற மனப்பான்மையை எதிர்த்தே போராட வேண்டியிருந்தது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அந்த நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா 2021 ஜனவரி 19-ஆம் நாள் தமது 93-ஆம் வயதில் காலமாகும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடாக இருந்தது.

நோயின் பெயர் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் பரவியது அறிஞர் அண்ணாவின் மறைவினால் எனலாம். உணவுக்குழாயில் புற்று. 1968 செப்டம்பரில் நியூயார்க் நகரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாடே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது. திரும்பி வந்தவர் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். முதலமைச்சருக்கே, அமெரிக்கா சென்றுமே இந்த நிலை என்றால் நமக்கு என்ன என்று எளியவர் ஒருவர் அன்று எண்ணியிருந்தால், அது இயல்பே.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சும் அவ்வாறு பிறந்ததே. முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தவரின் வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள், எங்கும் பரவியிருக்கும், ஒன்றும் செய்ய இயலாமல் மூடிவிடுவார்கள், சில வாரங்களில் அவர் இறந்துவிடுவார். ஊர் பார்த்தது இவ்வளவே: நடந்து போனவர் அறுவைக்குப் பின் படுக்கையாகிப் போனார். ஆகவே, கொன்றது கத்தி. இந்தப் பேச்சைக் கேட்டு அடுத்தவர் இன்னும் தாமதித்தார். இன்னும் முற்றிய நிலையில் சென்றார். பேச்சு மேலும் உறுதிப்பட்டது. மார்புக் கட்டியில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவிவிடுவதில்லை. எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்வதற்கே அந்தத் துணுக்கு தேவைப்படுகிறது.

அப்படியானால் பிழைத்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், நம் தெருவிலேயே இருக்கக் கூடும். ஆனால் அவர்கள் சொல்வதில்லை. தொடக்கத்திலேயே கண்டு, சிகிச்சை பெற்று, தலைமுடி மீண்டும் வளர்ந்து, ஆலைக்குத் திரும்பிய ஒருவர், ‘கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட்டார்கள்’ என்று மட்டும் சொல்வார். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்த நோயின் பெயர் அடிபடலாகாது. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். தொற்றுநோய் என்று எண்ணித் தட்டையும் தம்ளரையும் தனியே வைப்பவர்களும் உண்டு. புற்றுநோய் உடன் உண்பதாலோ தொடுவதாலோ பரவுவதன்று. ஆயினும் அந்த அச்சம் போகவில்லை. இவ்வாறு பிழைத்தவர் எல்லாரும் வாய்மூடிக் கொள்ள, இறந்தவர் மட்டும் ஊர் அறிய இறக்கிறார்கள். ஊரின் கணக்கேட்டில் வரவே எழுதப்படுவதில்லை. செலவு மட்டும் எழுதப்படுகிறது. அந்த ஏட்டைப் பார்த்துத்தான் நம் சோழபுரத்துத் தாய், மருத்துவரிடம் போய் ஆவதென்ன என்று முடிவு செய்கிறார். வளர்ந்த நாடுகளின் கணக்குகளில், பிறந்த இடத்தை விட்டுப் பரவாத நிலையில் கண்டறியப்பட்ட கருப்பை வாய்ப் புற்றுநோயில் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தொலைவிடங்களுக்குப் பரவியபின் அந்தத் தொகை பத்தில் இரண்டாகக் குறைந்துவிடுகிறது. இவ்விரண்டும் ஒரே நோய்தான்.

நம்முடைய மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ ஐக்கிய சமூக நல மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கின. 114 கிராமப் பகுதிகளை எடுத்துக்கொண்டு அவற்றில் பாதியில் மட்டும் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். சோதனை எளியது. பயிற்சி பெற்ற செவிலியர், கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரைப் போன்றதைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துக் கண்ணால் பார்ப்பார். கெட்டுப்போகத் தொடங்கிய திசு வெள்ளையாகத் தெரியும். புற்றாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும் அந்தத் திசுவைக் குளிர்முறையில் அங்கேயே உறையவைத்து அழித்துவிடலாம். 2007-இல் முடிவு வெளியாயிற்று. வாழ்நாளில் ஒரே ஒருமுறை நடந்த இந்தச் சோதனையால், அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் நூற்றுக்கு 25 விழுக்காடு குறைந்தது. அந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்தது.

இந்த முடிவைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். நம்முடைய கண்ணில் பட்டது இன்னொரு எண். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். கட்டணம் இல்லை, பார்ப்பவர் பெண் செவிலியர், சோதனை நடந்த இடமோ ஊரை ஒட்டியது. கூலி, தொலைவு, கூச்சம் என்று நாம் மேலே அடுக்கிய தடைகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் அகற்றி வைத்தார்கள். அகற்றியதால்தான் மூவரில் இருவர் வந்தார்கள். அது பெரிய வெற்றி. ஆயினும் மூன்றில் ஒரு பங்கினர், ஏறத்தாழ 18,000 பெண்கள், வரவில்லை. ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்ற எண்ணமே அவர்களில் பலரைத் தடுத்திருக்கும் என்று நாம் கருதுகிறோம். வலிக்காத கட்டியையே பொருட்படுத்தாதவர், கட்டியே இல்லாதபோது எப்படி வருவார்?

மலைக்கு அப்பாலுள்ள தேனியிலும் தஞ்சையிலும் 2007-இல் தமிழக அரசு முன்னோட்டமாகத் தொடங்கிய இத்தகைய சோதனை, 2012 முதல் மாநிலமெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கருப்பை வாய்ச் சோதனையும் மார்பகச் சோதனையும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. ஆயினும் 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. இந்திய அளவில் அது இரண்டு பேருக்கும் குறைவு. அதை நினைத்து நாம் பெருமை கொள்ளலாமா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

மருத்துவத் துறையின் பங்கையும் மறைக்கலாகாது. துணிந்து வந்த தாயை, ‘இந்த வயதில் இதெல்லாம் வரும்’ என்று சொல்லித் தொட்டும் பாராமல் மாத்திரை எழுதி அனுப்பியவர்கள் உண்டு. முதல் முறை ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டவர் இரண்டாம் முறை போக வெட்கப்படுவார். மாத்திரை முடிந்தும் கட்டி அப்படியே இருந்தால், இரத்தப்போக்கு நிற்காவிட்டால், திரும்பவும் போக வேண்டும். அங்கே கேட்கவில்லையென்றால் வேறிடம் போக வேண்டும். வேறொன்றும் சொல்ல வேண்டும்: கணையத்திலும் வயிற்றின் ஆழத்திலும் தோன்றும் சில புற்றுநோய்கள் எவ்வித அறிகுறியும் காட்டாமலே முற்றிவிடுகின்றன. காலம் கடந்து கண்டறியப்பட்டவர் எல்லாரும் காலம் கடத்தியவர்கள் அல்லர். படுக்கையருகே நின்று ‘முன்னமே பார்த்திருக்கக் கூடாதா?’ என்று கேட்கும் உறவினர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

நேர்ச்சையைப் பற்றியும் ஒரு சொல். நோய் என்று ஐயம் தோன்றியதும் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொள்பவர்களை நாம் அறிவோம். நடந்து போகட்டும், ஆனால் பயணம் எட்டு மாதம் கழித்து என்றால், மருத்துவரிடம் போவதையும் எட்டு மாதம் தள்ளி வைப்பது நேர்ச்சையில் சேர்ந்ததன்று. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் கடவுளே என்று கற்பிக்கும் ஓர் அதிகாரம் சீராக் நூலில் இருக்கிறது, முப்பத்தெட்டாம் அதிகாரம்.

ஐயம் எழுந்த வீட்டில் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மார்பில் புதிதாகத் தோன்றிய கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம். மாதவிலக்கு நின்றபின், அல்லது உறவுக்குப் பின், அல்லது இரு மாதவிலக்குகளுக்கு இடையே இரத்தப்போக்கு. ஆறாத வாய்ப்புண், விழுங்கத் தடை, தெளியாத குரல், மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல்: இவற்றில் ஒன்றைக் கண்டால் இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ அரசு மருத்துவமனைக்கு முதலில் செல்லலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு பாலரெங்காபுரத்தில் இயங்குகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும்; அட்டை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

துணைக்குப் போகிறவர் வெறும் துணையாக மட்டும் போகாமல் இருந்தால் நல்லது. மருத்துவர் சொல்வதை அச்சத்தில் இருப்பவர் பாதிதான் கேட்பார். மற்றப் பாதியைத் துணைக்கு வந்தவர் கேட்டு, அடுத்து எந்த நாளில், எந்த அறைக்கு, எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை எழுதிக்கொள்ளட்டும். சீட்டுகளையெல்லாம் ஒரே பையில் போட்டு வைக்கட்டும். துணுக்குப் பரிசோதனையின் முடிவு அன்றே கிடைக்காது. சில நாட்கள் ஆகும். சோதனைக்குப் போய்விட்டு, முடிவை வாங்கவே போகாமல் வீட்டிலிருந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏன் என்று இப்போது வாசகர்க்குத் தெரியும். அந்த இரண்டாம் நாளுக்கும் கணவர் ஆலையில் விடுப்புச் சொல்லி வைக்கட்டும்.